பொடிசு படி ஏற மாட்டான்

பின்னாடி திரும்பிப் பாக்காதீங்க டீச்சர்! ரோட்டப் பாருங்க, ரோட்ட! அது வெறும் மூச்சுதான். கழுத்துல சூடா அடிக்குதா? அடிக்கும். கொஞ்ச நேரத்துல பழகிடும். ஈரமாவும் இருக்கா? ம்... அப்ப அது மூச்சு இல்ல, எச்சில். இந்தாங்க துண்டு, தோள்ல போட்டுக்கங்க. ஐயையோ, ஸ்டியரிங்க விடாதீங்க! சரி, நனையட்டும் விடுங்க, காஞ்சிடும். இப்பக் கிளட்ச்ச மெதுவா விடுங்க. மெதுவா... மெதுவான்னா மெதுவா! பாத்தீங்களா, குதிச்சிடுச்சு. பரவாயில்ல. பொடிசு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான்.

ஆமா, அவன் பேரு பொடிசுதான். சிரிக்காதீங்க, சிரிச்சா கால் ஆடும், கால் ஆடுனா வண்டி ஆடும். வீட்டுக்கு வந்தப்ப என் ரெண்டு கைக்குள்ள அடங்கிப் படுத்திருந்தான் டீச்சர், வேற என்னன்னு கூப்பிடுறது? என் பொண்ணு 'பொடிசு'ன்னா, பேரு அதுலயே நின்னுடுச்சு. அவன்தான் நிக்கல. வளந்துக்கிட்டே போயிட்டான். இப்பப் பின் சீட்டு முழுக்க அவன்தான். உக்காந்தா கூரை இடிக்குது, படுத்தா கதவு இடிக்குது, அதனால தலைய மட்டும் நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல வெச்சிருக்கான். நடுக் கண்ணாடில என்ன தெரியுது? காது. அது அவன் காதுதான். இன்னைக்கு சைடு கண்ணாடிய மட்டும் பாத்து ஓட்டுங்க.

என்ன? சொல்லுங்க... இல்ல, சொல்லாதீங்க. ஓட்டும்போது பேசக் கூடாது டீச்சர், கவனம் சிதறும். நான் பேசுறேன், நீங்க ஓட்டுங்க. இத்தனை நாள் மைதானத்துல சுத்தினது வேற, இன்னைக்குத்தான் முதல் தடவையா பெரிய ரோட்டுக்கு வந்திருக்கோம். பயப்படாதீங்க. இங்க பாருங்க, என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கு. பாக்காதீங்க! இருக்குன்னு சொன்னா நம்புங்க. பழகுற வண்டில வாத்தியார் பக்கமும் ஒண்ணு வெச்சிருப்பாங்க. நீங்க என்ன தப்புப் பண்ணாலும் நான் மிதிச்சு நிறுத்திடுவேன். ரெண்டாவது கியர் போடுங்க. ஆங்... நாயோட மூக்குல இடிச்சுட்டீங்க. 'சாரி'லாம் வேணாம், அவனுக்கு அது பிடிக்கும்.

இவனை எதுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன்னு கேளுங்களேன். சரி, கேக்க வேணாம், நானே சொல்றேன். இந்த ரோட்டுல நேரா போனா, ஊருக்கு வெளில ஒரு நடைமேம்பாலம் வரும், ஜனங்க ரோட்டத் தாண்டறதுக்கு மேல படி கட்டிப் போட்டிருப்பாங்களே, அது. அதைத் தாண்டி இடது பக்கம் ஒரு மண் ரோடு. அதுக்குள்ள ஒரு செடித் தோட்டம் இருக்கு, ரோஜாச் செடி, மாங்கன்னு எல்லாம் வளத்து விக்கிறாங்க. அந்தத் தோட்டக்காரர் இவனை வளத்துக்கிறேன்னு சொல்லியிருக்கார். அங்க போறோம். இவனை விட்டுட்டு வர்றோம். விட்டுட்டுன்னா... ஒரேயடியா.

ஏன் டீச்சர் வண்டி மெதுவாகுது? மிதிங்க, ஆக்ஸிலேட்டர மிதிங்க. மிதிச்சிட்டுத்தான் இருக்கீங்களா? சத்தம் மட்டும் வருது, ஓட்டம் வரலயே. ஆங்... இப்பப் போகுது. பாத்தீங்களா, நான் சொன்னதும் போகுது.

அப்படிப் பாக்காதீங்க. எனக்கென்ன கல் நெஞ்சா? எல்லாம் இந்த இடுப்பால வந்தது. அதனாலதான் நானே ஓட்டாம உங்களைப் படுத்துறேன். கிளட்ச் மிதிக்கக் கூடாதுன்னு எலும்பு டாக்டர் சொல்லிட்டார், இடது காலை அழுத்தினா உச்சி வரைக்கும் மின்னல் அடிக்குது. அந்த இடுப்பு எதனால போச்சு? இவனால. இவன் எதனால வந்தான்? அதுதான் பெரிய கதை. லாரி போகட்டும், வழி விடுங்க. போயிட்டானா? சொல்றேன்.

வீட்டுல நாய் வேணும்னு முடிவாச்சு. என் வீட்டுக்காரி, 'மடில வெச்சுக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு'ன்னா. பொண்ணு, 'நல்லாக் குரைக்கணும்'னா. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், சாதுவா இருக்கணும். நாள் முழுக்க ஆளுக்காள் கத்துக் குடுத்துட்டு வர்றவன் டீச்சர் நான், வீட்டுக்கு வந்தா அமைதி வேணாமா? குட்டி வளத்துக் குடுக்குற ஒருத்தர் வீட்டுக்கு நான் மட்டும் போனேன். ஒரே கூட்டம். ஒண்ணு என் செருப்பை இழுக்குது, ஒண்ணு சோபாவப் பிறாண்டுது, ரெண்டு கட்டிப் புரளுது. ஒரு ஓரத்துல இவன். தலைகாணி மாதிரி கிடந்து தூங்குறான். இத்தனை ரகளைலயும் ஒரு கண்ணக் கூடத் திறக்கல. ஆஹா, இவன்தான் நம்ம ஆளுன்னு தூக்கி மடில வெச்சுக்கிட்டேன். ஒரு பெருமூச்சு விட்டான் பாருங்க... அந்தப் பெருமூச்சுலயே நான் கவுந்துட்டேன்.

அந்த மனுஷன் என்னென்னவோ கேட்டார். 'எந்த மாடி சார்?'ன்னார். 'மாடியெல்லாம் பிரச்சினை இல்ல'ன்னேன். 'லிஃப்ட்...'ன்னு ஆரம்பிச்சார். 'நாயக் கொண்டு போய் எதுக்கு லிஃப்ட்ல ஏத்தணும்'னேன். 'இந்த ஜாதி வளந்தா...'ன்னார். 'எல்லாம் வளந்துதான் ஆகணும்'னேன். 'இவனோட அம்மாவப் பாக்கணுமா?'ன்னார். 'ஐயோ, எதுக்குத் தொந்தரவு, இருக்கட்டும்'னேன். நாயப் பத்தி எனக்கு அவ்வளவு தெரியும். செருப்பு கழட்டின காலை அந்த ரூம்ல விரிச்சிருந்த கம்பளத்துல சுகமாத் தேச்சுக்கிட்டு, மடில குட்டியோட பேசிட்டிருக்கேன். திடீர்னு கம்பளம் எந்திரிச்சு நின்னுடுச்சு.

ஆமா. எந்திரிச்சு, உடம்பை உதறி, என் முகத்துக்கு நேரா வந்து நின்னுச்சு. நான் சேர்ல உக்காந்திருக்கேன், அதுவும் நானும் ஒரே உயரம். 'இதான் சார் அம்மா'ன்னார். நான் என்ன பண்ணுவேன்? மடில அதோட புள்ள. அதுக்கு முன்னாடியே வெச்சு 'வேணாம்'னு சொல்றதா? கும்பிடு போட்டுட்டுக் குட்டியோட வந்துட்டேன். செயின்ட் பெர்னார்டாம் டீச்சர். மலைல, பனிலல்லாம் மாட்டிக்கிட்டவங்களத் தேடிக் கண்டுபிடிச்சுக் காப்பாத்துற ஜாதியாம். பேப்பர்லகூட ஒரு தடவை... பிரேக்! சைக்கிள்காரர், சைக்கிள்காரர்! ஆங், அவர் போகட்டும். அவர் நம்மளப் பாத்துதான் வாயைப் பொளந்துட்டு நிக்கிறார், பொடிசு ஜன்னல்ல தலைய நீட்டியிருக்கான்ல. கையாட்டிட்டுப் போங்க... கைய எடுக்காதீங்க! நான் ஆட்டுறேன்.

எங்க விட்டேன்? ஆங், வளக்குறது. அது லேசுப்பட்ட வேலைன்னு நெனக்காதீங்க. நாய் டாக்டரம்மா முதல் நாளே உக்கார வெச்சுப் பாடம் எடுத்தாங்க. பெரிய ஜாதின்னா வேகமா வளர விடக் கூடாது, நிறையப் போட்டுக் கொழுக்க வைக்கக் கூடாது, அளவாக் குடுத்து மெதுவா வளக்கணும். சாப்பிட்ட உடனே ஓட விடக் கூடாது, வயிறு முறுக்கிக்கும், உசுருக்கே ஆபத்து. வழுக்குற தரைல விடக் கூடாது. வீடு முழுக்க ரப்பர் பாய் போட்டோம், இப்ப எங்க வீட்டப் பாத்தா ஜிம்முன்னு நெனப்பீங்க. வெறும் தரைல படுத்தா முட்டி காய்ச்சுப் போயிடும்னாங்க, மெத்தை தைக்கச் சொல்லி கீழ் வீட்டு டெய்லர்கிட்டக் குடுத்தேன். அளவு சொன்னதும் 'சார், கட்டில்ல எத்தனை பேர் படுப்பீங்க?'ன்னு கேட்டார். மூஞ்சி துடைக்கத் தனித் துண்டு. தண்ணி குடிச்சா உடனே துடைக்கணும், இல்லேன்னா தலைய ஒரு உதறு உதறுவான், சுவத்துல, ஃபேன்ல, விருந்தாளி கண்ணாடில... எல்லாத்துலயும் இருக்கும். என் வீட்டுக்காரி இடுப்புல எப்பவும் அந்தத் துண்டு சொருகியிருக்கும். ஆபீஸுக்கே ஒரு நாள் அதோட போயிட்டா.

இதெல்லாம் கூடப் பரவாயில்ல. டாக்டரம்மா கடைசியா ஒண்ணு சொன்னாங்க. எலும்பு கெட்டிப்படுற வரைக்கும், ஒரு ஒன்றரை வயசு ஆகுற வரைக்கும், மாடிப்படி ஏற விடாதீங்கன்னாங்க. இடுப்பெலும்பு கெட்டுப் போயிடுமாம். எங்க வீடு மூணாவது மாடி. லிஃப்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அப்ப என்ன பண்றது? தூக்குறதுதான்.

மூணாவது கியர் போடுங்க, ரோடு காலியா இருக்கு. அழகாப் போட்டீங்க! பாத்தியாடா பொடிசு, டீச்சர் உன் மூக்குல இடிக்காமப் போட்டாங்க.

தூக்கினேன் டீச்சர். காலைல, மத்தியானம், சாயங்காலம். முதல்ல ஒரு கைல, இன்னொரு கைல பால் பாக்கெட்டு. அப்புறம் ரெண்டு கைல. அப்புறம் தோள்ல. தினமும் தூக்குறோம்ல, எடை ஏறுறதே தெரியல. பாக்குறவங்களுக்குத்தான் தெரியுது. 'செல்லம்னு தலைல தூக்கி வெச்சுக்கிட்டு ஆடாதீங்க'ன்னு வீட்டுக்காரி சொல்லுவா. 'தோள்லதானே வெச்சிருக்கேன்'னு சொல்லுவேன். அவனும் சும்மா வர மாட்டான். என் கழுத்தைச் சுத்தி ரெண்டு முன்னங்காலையும் போட்டுக்கிட்டு, காதுக்குப் பக்கத்துல மூச்சு விட்டுட்டு வருவான். நாளெல்லாம் வண்டில கத்திட்டு வர்றவனுக்கு, அந்தப் படிக்கட்டு ஏறுற நேரம் ஒண்ணுதான்... சரி விடுங்க. இண்டிகேட்டர் எதுக்குப் போட்டீங்க? தெரியாமக் கை பட்டுடுச்சா, சரி, அணைச்சிடுங்க.

ஒன்றரை வயசு ஆச்சு. டாக்டரம்மா தட்டிப் பாத்துட்டு, எலும்பு இரும்பாட்டம் இருக்கு, இனிமே படில நடக்கப் பழக்குங்கன்னுட்டாங்க. நான் சும்மா இருப்பேனா? எத்தனை பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்திருக்கேன், ஒரு நாய்க்குப் படி ஏறக் கத்துக் குடுக்க முடியாதா? படிக்கொரு பிஸ்கட் வெச்சேன். கீழ்ப்படில இருந்ததை மட்டும் நின்ன இடத்துலயே கழுத்த நீட்டி எடுத்துத் தின்னுட்டு உக்காந்துட்டான். மேல போய் நின்னு கூப்பிட்டேன். கொட்டாவி விட்டான். கடைசில, ஓட்டிக் காட்டினாத்தானே ஓட்டுவாங்கன்னு, நானே நாலு கால்ல ஏறிக் காட்டினேன் டீச்சர். இந்தா பாருடா, இந்தக் கை, அப்புறம் அந்தக் கை, இப்ப இந்தக் கால்னு சொல்லிக்கிட்டே ஏறுறேன். எதிர்ல இறங்கி வந்த கல்யாண ஜோடி, புதுசாக் குடி வந்தவங்க, அப்படியே சுவத்தோட ஒட்டிக்கிட்டு எனக்கு வழி விட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் அவங்க என்கிட்டப் பேசல.

மேல போய்த் திரும்பிப் பாக்குறேன். கீழ உக்காந்து ரொம்ப மரியாதையாப் பாத்துட்டிருக்கான். நான் இறங்கி வந்ததும், உக்காந்த வாக்குல ரெண்டு முன்னங்காலையும் மேல தூக்கினான். தூக்கிக்கோன்னு. மூணு வயசுக் குழந்தை மாதிரி! தூக்கிட்டேன். பின்ன? பயம் டீச்சர் அவனுக்கு, படின்னாலே பயம். மலை ஏறுற ஜாதி, மாடிப்படி ஏற மாட்டேங்குது. எல்லாம் என் நேரம்.

ஏங்க திரும்பவும் மெதுவாகுது? என்ன? வாயத் திறக்காதீங்க, ரோட்டப் பாருங்க. பயத்துல காலை எடுத்துடுறீங்க, அதான். எல்லாருக்கும் வர்றதுதான். எனக்குப் புரியுது.

அப்புறம் போன மாசம். ரெண்டாவது மாடித் திருப்பத்துல இவனைத் தோள்ல வெச்சுக்கிட்டுத் திரும்புறேன். 'கடக்'குன்னு ஒரு சத்தம். ஐயோ, பொடிசு எலும்பு போச்சேன்னு பதறிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது என்னுது. அப்படியே மடங்கி விழுந்தேன். எந்திரிக்க முடியல, கத்தவும் முடியல. இவன் என்ன பண்ணான் தெரியுமா? ரத்தத்துல இருக்குல்ல! பனில விழுந்தவனைச் சூடு பண்ற மாதிரி, வந்து என் மேலயே படுத்துக்கிட்டான். மூச்சே நின்னுடுச்சு எனக்கு. டெய்லரும் இன்னும் நாலஞ்சு பேரும் வந்து, முதல்ல அவனை இழுத்துப் போட்டு, அப்புறம் என்னை ஸ்டூல்ல உக்கார வெச்சு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. உள்ள போனா, எனக்கு முன்னாடியே கட்டில்ல போய் நீட்டிப் படுத்திருக்கான் துரை. யாரு தூக்கிட்டு வந்து விட்டாங்களோ, பாவம், அந்தக் களேபரத்துல கவனிக்கல.

அதுல இருந்து, வண்டிப் பாடம் எடுக்குற நேரம் போக, நான் படுக்கை. இவனை வெளில கூட்டிட்டுப் போறது வீட்டுக்காரியும் பொண்ணும். 'நாங்க பாத்துக்கறோம், நீங்க படுங்க'ன்னுட்டாங்க. படுத்துக்கிட்டுக் கேட்டுட்டிருப்பேன் டீச்சர். கதவு திறக்கும், சங்கிலிச் சத்தம், தடதடன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், போயிடுவாங்க. ஒரு முனகல் கிடையாது. மூச்சு வாங்கல. எப்படித்தான் தூக்குறாங்களோ! என் பொண்ணுக்கு இருக்குறது குச்சிக் கை. வீட்டுக்காரிக்கு ஏற்கெனவே முட்டி வலி. சிரிச்சுக்கிட்டே போறாங்க, சிரிச்சுக்கிட்டே வர்றாங்க. எனக்காகத்தானே அந்தச் சிரிப்பு? எனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தூக்குறாங்க. ஒரு நாள் வீட்டுக்காரி பக்கத்துல வந்து உக்காந்து, 'உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ங்க, பொடிசு படி...'ன்னா. 'தெரியும், படின்னா அவனுக்குப் பயம், நீ ஒண்ணும் சொல்லாத, உன் முட்டிய நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல'ன்னேன். 'அதில்லங்க'ன்னா. 'எனக்குப் புரியுது'ன்னேன். தலைல அடிச்சுக்கிட்டுப் போயிட்டா. அவளும் எவ்வளவுதான் தாங்குவா?

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். என் இடுப்பு போனது போதும், அவங்க ரெண்டு பேரோடதும் போகக் கூடாது. செடித் தோட்டக்காரர் நம்மகிட்ட ஓட்டக் கத்துக்கிட்டவர்தான், தங்கமான மனுஷன். விரிஞ்ச இடம், எல்லாம் தரை, ஒரு படி கிடையாது. வீட்டுல சொல்லல. சொன்னா அழுவாங்க, நானும் அழுவேன், காரியம் நடக்காது. இன்னைக்கு அவ ஆபீஸ் போயிட்டா, பொண்ணு காலேஜ். டெய்லரையும் இன்னும் மூணு பேரையும் கூப்பிட்டு, பெரிய போர்வையா எடுத்து இவனை நடுவுல படுக்க வெச்சு, ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இறக்கச் சொன்னேன். டெய்லர், 'சார், எதுக்கு சார் போர்வை, இவன்தான்...'ன்னு ஆரம்பிச்சார். 'பேசாமப் பிடிங்க'ன்னேன். அந்த ஆளு வழி நெடுகச் சிரிச்சுட்டே வந்தார். அடுத்தவன் வேதனை சில பேருக்குச் சிரிப்பு. இவனும் போர்வைக்குள்ள மல்லாந்து படுத்துக்கிட்டு, ராஜா பல்லக்குல வர்ற மாதிரி வர்றான்.

இன்னும் ஒண்ணு இருக்கு. டாக்டரம்மா சொன்னதுதான், நான் வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. இவ்வளவு பெரிய ஜாதிக்கு ஆயுசு கம்மியாம். சின்ன நாயெல்லாம் பத்து, பதினஞ்சுன்னு ஓட்டும், இதுங்க எட்டு, ஒம்போதாம். அதுலயே ரெண்டு போச்சு. இருக்குற கொஞ்ச வருஷத்துல... இவனை அங்க விட்டுட்டு... நான் செடி வாங்குற சாக்குலயா போய்ப் பாத்துட்டு வர்றது? டேய், நக்காதடா. நான் அழல, தூசி. டீச்சர், ஜன்னலை ஏத்துங்க. வேணாம், ஸ்டியரிங்க விடாதீங்க.

அதோ பாலம் தெரியுது. மேம்பாலம் தாண்டி இடது பக்கம். இண்டிகேட்டர் போடுங்க. இப்ப வேணும்தான். கண்ணாடியப் பாருங்க. ஓரமா... ஓரமா வாங்க... என்ன டீச்சர் இது! நிறுத்தச் சொன்னேனா? போங்க. போங்கங்கறேன்ல! பின்னாடி ஹார்ன் அடிக்கிறான் பாருங்க. ஆக்ஸிலேட்டர்! வண்டி துடிக்குது, நகர மாட்டேங்குதே! கியரை மாத்துங்க. முதல் கியர். கிளட்ச்ச விடுங்க, ஆங்... போச்சு, அணைஞ்சு போச்சு. திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. இவ்வளவு தூரம் அழகா வந்துட்டு, சரியா இந்த இடத்துல வந்து நிறுத்தினா என்ன அர்த்தம்? உங்க வகுப்புல ஒரு பிள்ளை இப்படிச் சொன்னதைச் செய்யலன்னா நீங்க சும்மா விடுவீங்களா? திரும்பவும் அணைஞ்சு போச்சு! பயத்தை விடுங்க டீச்சர், பயம்தான் உங்களைப் போக விட மாட்டேங்குது! என்ன? என்னத்தைக் காட்டுறீங்க? கீழ என்ன? என் காலா? என் காலுக்கு என்ன, அது பாட்டுக்கு...

...

டீச்சர்.

எப்ப இருந்து இது பிரேக் மேல இருக்கு?

கிளம்பினதுல இருந்தேவா? அதைச் சொல்லத்தான் வாயத் திறந்தீங்களா, அத்தனை தடவையும்? ஐயோ... சொல்லக் கூடாதா டீச்சர்? நான் எங்க சொல்ல விட்டேன், அதுவும் சரிதான். எடுத்துடுறேன். இந்தா, எடுத்துட்டேன். பாருங்க, இப்பக் கால் இங்க இருக்கு... இல்ல, திரும்பவும் போயிடுச்சு. நான் வைக்கல டீச்சர், சத்தியமா, அது தானாப் போகுது!

எங்க இறங்குறீங்க? டீச்சர்? கைப்பிரேக் போட்டுட்டீங்க, சாவிய எடுத்துட்டீங்க, ஓரமாத்தான் நிறுத்தியிருக்கீங்க, எல்லாம் நூத்துக்கு நூறு, ஆனா எங்க போறீங்க? எதிர்ப் பக்கமா? பஸ்ஸுக்கா? டீச்சர்! கோச்சுக்காதீங்க! கதவை... கதவை மூடிட்டுப் போங்க... டேய்! டேய் பொடிசு! வேணாம்டா! சீட்டு மேல ஏறாத, என் மேல... ஆஆ, இடுப்பு! பிடிங்க! யாராவது பிடிங்க! பெரிய ரோடுடா, லாரி வரும்டா! டீச்சர், பின்னாடி வர்றான், திரும்பிப் பாருங்க! இப்பப் பாக்கலாம், பாருங்க!

ரோட்டுக்குப் போகல. அப்பாடா. அவங்க பின்னாடியே போறான். டீச்சர், பாலத்துல ஏறாதீங்க, அவன் கீழயே நின்னு அழுவான், அவனுக்குப் படின்னா...

ஏறுறான்.

ஏறுறான் டீச்சர்! ரெண்டு ரெண்டு படியா ஏறுறான்! தடதடன்னு... இந்தத் தடதட, இந்தச் சத்தம்... படுக்கைல படுத்துக்கிட்டு நான் தினம் கேட்ட சத்தம்! அடப்பாவி! அப்ப அவங்க உன்னைத் தூக்கவே இல்லையா? 'பொடிசு படி...'ன்னு அவ ஆரம்பிச்சது, படி ஏறுறான்னு சொல்லவா? டெய்லர் சிரிச்சது அதுக்கா? ஊரே பாத்திருக்கு, எனக்கு மட்டும் டிமிக்கி குடுத்திருக்கான்! இடுப்பு உடஞ்சு நான் படிக்கட்டுல கிடக்கேன், ஒண்ணுமே தெரியாத பிள்ளை மாதிரி அங்க கட்டில்ல... ஹா! ஹாஹா! ஐயோ, சிரிச்சா வலிக்குது... ஆஆ... ஹாஹா!

டேய்! இறங்கி வாடா கீழ! வா! ம்... வர்றான் பாருங்க. என்னமா இறங்குறான், தண்ணி ஓடுற மாதிரி! சபாஷ்! இன்னும் கொஞ்சம்... ஏன்டா நின்னுட்ட? என்னைப் பாத்துட்டானா? கடைசிப் படிடா, ஒரே ஒரு படி... டீச்சர், அங்க இருந்து பாருங்க இந்தக் கூத்தை! கடைசிப் படில உக்காந்துக்கிட்டு, ரெண்டு முன்னங்காலையும் மேல தூக்குறான்! என்கிட்டயேவா? இவ்வளவு நேரம் ஏறி இறங்கினதை நான் பாக்கலன்னு நெனச்சியா?

தூக்க மாட்டேன். டாக்டர் திட்டுவார். இரு, பக்கத்துல வந்து உக்காந்துக்கறேன்... மெதுவா... ஆங். போடு, கழுத்தைச் சுத்திப் போட்டுக்க. இதுக்குத்தானா இவ்வளவு நாளும்? முட்டாப் பயலே. நானும்தான் இதுக்குத்தான்டா தூக்கினேன்.

டீச்சர்! போயிடாதீங்க! சாவி உங்ககிட்ட இருக்கு! தோட்டமெல்லாம் வேணாம், தோட்டக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன். இறங்கி வாங்க, இன்னைக்குப் பாடம் யூ-டர்ன். நேரா எங்க வீட்டுக்கு. என் பொண்ணு காலேஜ்ல இருந்து வர்றதுக்குள்ள இவன் கட்டில்ல இருக்கணும். இந்த ரெண்டு காலையும் சீட்டு மேல மடிச்சு வெச்சுக்கிட்டு உக்காருறேன். வாயையும் திறக்க மாட்டேன், வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை... என்ன? சத்தமாச் சொல்லுங்க, லாரி சத்தத்துல கேக்கல! இல்ல, நான் குறுக்கப் பேசல, நீங்க சொல்லுங்க. சொல்லுங்க டீச்சர், கேக்குறேன்... ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன்...